தேய்க்கக் கூடாத இடம்

இறால் தோல் அழுகிய நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது, துணியை மாற்றினாலும் போகாது. இறால் உரிக்கிற அந்தத் தெருவுக்குப் போய்வருகிற நாளில் பையக்காவுக்குச் சோறு இறங்காது. பிசைகிற விரல் தற்செயலாக மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தட்டை அப்படியே தள்ளிவைத்துவிடுவாள். "நாத்தம் கையில இல்ல, உன் மனசுல இருக்குது" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான். எங்கே இருந்தால் என்ன, நாற்றம் நாற்றம்தான்.

சுகாதார நிலையத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, வீடு வீடாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வழி சொல்வது. வாயால் சொன்னால் மட்டும் போதாது, கையோடு கொடுத்துவிட்டும் வரவேண்டும். தோளில் தொங்கும் நீலப் பையில் மாத்திரை அட்டைகள் இருக்கும், ஆணுறை இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி மருந்து இருக்கும், பஞ்சும் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும் இருக்கும். அந்தப் பையைப் பார்த்துத்தான் தெருவே அவளைப் பையக்கா என்றது.

வாங்குகிறவர்களில் பாதிப்பேர் யாருக்காவது ஒளித்துத்தான் வாங்கினார்கள். மாமியாருக்கு ஒளித்து, புருஷனுக்கு ஒளித்து, சில பேர் பெற்ற தாய்க்கே ஒளித்து. மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைக்கிறவளும் இருந்தாள், பிள்ளையின் பழைய காலுறைக்குள் சுருட்டிவைக்கிறவளும் இருந்தாள். கட்டின புருஷனோடு குடும்பம் நடத்துவதற்கு என்ன திருட்டுப் பிழைப்போ, கருமம்!

அதனால் பையக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தெருவில் நுழைந்தால் ஒரு வீட்டையும் விடமாட்டாள். மாதவிடாய் நின்று பல வருஷமானவள் வீட்டுக்கும் போவாள், பிள்ளையே இல்லாதவள் வீட்டுக்கும் போவாள். கல்யாணமே ஆகாத கிழவன் ஒருவன் முன்னறையில் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான், அவன் வீட்டிலும் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எல்லா வீட்டுக்கும் போனால்தானே, எந்த வீட்டுக்கு எதற்காகப் போனாள் என்று யாருக்கும் தெரியாது? "பையக்கா, எனக்கு என்ன மாத்திரை வெச்சிருக்க?" என்று கடிகாரக்காரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பான். "உங்க வாய மூடுறதுக்கு ஒரு மாத்திரை வரப்போவுதாம். வந்ததும் முதல் டப்பா உங்களுக்குத்தான்" என்பாள். அவன் இருமி இருமிச் சிரிப்பான்.

அந்தத் தெருவுக்கு இறால் வருவது தராசம்மா வீட்டுக்கு. காலையில் வேன் வந்து பக்கெட் பக்கெட்டாக ஐஸ் தண்ணீரோடு இறக்கிவிட்டுப் போகும். தெருப் பெண்கள் அவரவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எடைபோட்டு வாங்கிப் போவார்கள், உரித்துத் திரும்பக் கொண்டுவந்து எடைபோட்டுக் கொடுப்பார்கள். தராசு அந்த அம்மாளின் கையில். முள்ளைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எடை சொல்லுகிறவள் என்று பெயரெடுத்தவள். அவள் வீட்டு முன்னறையில் நாற்காலி கிடையாது. சிமெண்டுத் தரை வாசல் சாக்கடையைப் பார்த்துச் சரிந்திருக்கும். தலை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று நாள் முழுக்க மூன்று குவியல்கள் ஏறிக்கொண்டே இருக்கும், ஈ மட்டும் எல்லாக் குவியலிலும் உட்காரும்.

அந்தக் குவியல்களுக்கு நடுவில் குந்தியிருந்தவள் அவளுடைய மருமகள். தெருவிலேயே வேகமான கை. தலையைத் திருகி, தோலை உருவி, முதுகு நரம்பை நகத்தால் இழுத்துப் போடுவதற்குள் அடுத்த இறால் கைக்கு வந்திருக்கும். ஐஸ் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்து விரல்நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். ராத்திரியில் படிகாரத்தை உரசிப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பாள்.

மூன்று பிள்ளை பெற்றவள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடந்தாள். டாக்டரம்மா அவள் புருஷனை நேரே கூப்பிட்டு, "இன்னொண்ணு உண்டாச்சுன்னா இவ தங்கமாட்டா. புரியுதா?" என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினான். வெளியே வந்ததும், "இவங்க எல்லாருக்கும் இதத்தான் சொல்றாங்க" என்று பீடியைப் பற்றவைத்தான்.

அவன் தூரத்து லாரி ஓட்டுகிறவன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில் இருப்பான். எப்போது வருவான் என்று சொல்லிக்கொண்டு வருகிற பழக்கம் கிடையாது, கதவைத் தட்டினால் வந்துவிட்டான் என்று அர்த்தம். ஒருமுறை பையக்கா அவனிடம் ஆணுறைப் பேச்சை எடுத்தாள். "நான் என்ன கண்ட எடத்துக்கா போறேன்? என் வீட்டுக்குத்தானே வர்றேன்" என்று சிரித்தான். ஆபரேஷன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "நான் ஊர்ல இல்லாதப்ப அவளுக்கு எதுக்கு ஆபரேஷன்? யாருக்கு வசதி பண்ணிக் குடுக்கப் பாக்குற?" இவனுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது? வாயைத் திறந்தால் சாக்கடை.

அன்றைக்குச் சாயங்காலமே மருமகள் குப்பை கொட்டுகிற சாக்கில் தெருக்கோடிவரை ஓடிவந்து பையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு அந்த ஊசி போட்டு விட்டுருங்க. என் புள்ளைங்களுக்கு நான் வேணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அதிலிருந்து ஊசி நாள் வந்தால் பையக்கா முன்னறையில் தராசம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள், கதை பேசுவாள், பிறகு "தண்ணி குடிச்சிட்டு வர்றேம்மா" என்று சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போவாள். மருமகள் இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது.

இப்படியே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்திருக்கும். மழை வந்து கெடுத்தது என்று சொல்லலாம். ஆனால் கெடுத்தது மழை இல்லை.

ஒரு வாரமாக விடாமல் கொட்டியது. சாக்கடைக்கும் தெருவுக்கும் வித்தியாசமில்லாமல் போயிற்று. கணுக்காலுக்குமேல் தண்ணீர், அதில் இறால் தலையும் குழந்தைத் துணியும் ஊதிப்போன எலியும் மிதந்தன. பையக்காவுக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அந்தத் தண்ணீரில் அந்தக் காலை வைக்க நினைத்தாலே உடம்பு கூசியது. ஊசி சில வாரம் தள்ளிப்போனாலும் குற்றமில்லை, மருந்து தாங்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சுகாதார நிலையத்து மேடம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விரலை நீட்டி, "உன் ஏரியாவுல இந்த மாசம் ஒரு ஊசி விட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தாள். அந்த அம்மாளின் செருப்பில் என்றைக்காவது சேறு பட்டிருக்குமா? பட்டிருக்காது.

ஆக, பையக்கா போனாள். போனவள், வழக்கப்படி எல்லா வீட்டுக்கும் போனாளா என்றால் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்கி அந்தப் புண்காலோடு தண்ணீரில் அளைய அவளால் முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே தராசம்மா வீட்டுக்கு நடந்தாள். மழைக்கு வேலை இல்லாமல் தெரு முழுக்க வாசலில் உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அவளையும் பார்த்தது.

தராசம்மா வாயைப் பிளந்தாள். "இந்த வெள்ளத்துலயா வந்த? அப்படி என்னம்மா தலபோற அவசரம்?"

"உங்க பிரஷர்தாம்மா. போன தடவை ஏறியிருந்துச்சுல்ல?" என்று பையக்கா கருவியைக் கட்டினாள். அவசர அவசரமாகப் பார்த்தாள், அவசர அவசரமாகத் தண்ணீர் கேட்டாள், உள்ளே போனாள். சமையலறைக்குத் தகரக் கூரை. மழை அதில் கல்லெறிகிற மாதிரி விழுந்தது. ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னாள். மருமகளுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்றாள். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் "என்னக்கா?" கடைசியில் கத்தினாள்: "ஊசி போட்ட எடத்தத் தேய்க்காத! தேய்ச்சா மருந்து கரைஞ்சு வெளிய போயிரும், அப்புறம் புள்ள நின்னுரும்!"

அவ்வளவு மழைச் சத்தத்திலும் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவளுக்குக் கேட்காதா?

முன்னறைக்குத் திரும்பி வந்தபோது தராசம்மா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. "பாத்துப் போம்மா, வழுக்கும்" என்றாள். பையக்காவும் தப்பித்தோம் என்று போய்விட்டாள்.

அதற்கு அடுத்த முறை அவள் தெருவுக்கு வந்தபோது வெயில் காய்ந்தது. வெள்ளம் வடிந்த சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, அதில் சிக்கிய இறால் தோல் வெந்து நாறியது. தெருமுனையில் தையல்காரி ஜன்னலிலேயே பிடித்துக்கொண்டாள். மிஷினை மிதித்துக்கொண்டே பேசுகிறவள்.

"வாங்க பையக்கா. வெள்ளத்துல எங்க வீடெல்லாம் கண்ணுக்குத் தெரியலயோ? நேரா ஒரு வீடு, நேரா திரும்பு. நாங்கதான் பாத்துட்டு இருந்தமே."

"கால்ல புண்ணுடீ. நடக்க முடியல."

"ஒரு வீட்டுக்கு மட்டும் நடக்க முடிஞ்சுதா?" தையல்காரி நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அந்த வீட்டுல என்னமோ சரியில்ல. அவளுக்குக் கை தூக்க வரலயாம். ஒரு கையாலயே உரிக்கிறா. கேட்டா கட்டின்னு சொல்றா. சட்டைய மீறி வாடை அடிக்குது, பக்கத்துல உக்கார முடியல. அவ புருஷன் வேற நேத்து வந்துட்டான்."

அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பையக்கா நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். கால்கூட அரை அடி பின்னால் போயிற்று. அதற்குள் தராசம்மா வாசலில் வந்து நின்று கையை ஆட்டினாள்.

"வாம்மா! உன்னத்தான் பாத்துட்டு இருக்கோம்."

உள்ளே லாரிக்காரன் கீழே சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு, வறுத்த மீன், ஓரத்தில் ஒதுக்கிய முள். சட்டை இல்லை. மூன்று பிள்ளைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மருமகள் பக்கெட்டுகளுக்கு நடுவில் வலது கையால் மட்டும் உரித்துக்கொண்டிருந்தாள், இடது கை மடியில் கிடந்தது. தலை நிமிரவில்லை. அவளிடமிருந்து வந்த வாடை இறாலுடையது இல்லை.

"உக்காரு" என்றான் லாரிக்காரன்.

"இல்லண்ணே, இன்னும் நெறைய வீடு இருக்குது."

"அன்னைக்கு இல்லையே? அன்னைக்கு ஒரு வீடுதானே இருந்துச்சு?" மீனைப் பிட்டான். "எங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ வாயால சொன்னதையும் சொன்னாங்க. நீ ஒருதடவ சொல்லு, கேட்டுக்கறேன்."

பையக்கா மருமகளைப் பார்த்தாள். "கைக்கு என்ன கண்ணு?"

தராசம்மாதான் பேசினாள். பெரிய காரியம் செய்துமுடித்தவளைப் போல முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பேசினாள்.

"நீதானம்மா சொன்ன, தேய்ச்சா மருந்து வெளிய போயிரும்னு. அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுட்டேன். உப்ப வாணல்ல வறுத்து, துணியில முடிஞ்சு, சூட்டோட வெச்சுத் தேய்ச்சேன். தினம் தேய்ச்சேன். லேசுல போவுதா? உள்ள கெட்டியா கல்லு மாதிரி உக்காந்துக்குச்சு. நானும் விடல. நல்லாப் பிதுக்கி எடுத்தேன். போன வாரம் மஞ்சளா வந்துச்சு பாரு, அப்பத்தான் எனக்கு நிம்மதி. மருந்து எறங்கிருச்சு."

"அம்மா, அது சீழும்மா" என்றாள் பையக்கா.

"என்னவோ ஒண்ணு. வெளிய வந்துச்சுல்ல?"

"இவளும் பேசாமக் கையக் குடுத்துட்டு இருந்தாளா?"

"குடுக்காம? குடுக்கலேன்னா அவன்கிட்ட சொல்லிருவேன்னேன். நான் இவளுக்கு நல்லதுதாம்மா நெனச்சேன். அவன் வர்றதுக்குள்ள எடுத்துட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி போயிரும்னு பாத்தேன். அவன் கையப் பாத்துட்டான், என்னான்னு கேட்டான். பெத்த புள்ளைகிட்ட பொய் சொல்ல முடியுமா?"

நல்லது நினைத்தாளாம். சொல்லும்போது அவள் குரலில் பொய்யே இல்லை, அதுதான் பையக்காவுக்குத் தாங்கவில்லை. பையக்கா பையை இறக்கிவைத்துவிட்டுப் போய் மருமகளின் சட்டைக் கையைச் சுருட்டினாள். துணி ஒட்டிக்கொண்டிருந்தது, ஈரம் காட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை. நடுவில் குழி. சுற்றிலும் கருஞ்சிவப்பாக வீங்கிப் பளபளத்தது. அவள் போட்ட ஊசியின் இடம். ஆயிரம் புண் பார்த்தவள்தான், ஆனாலும் வாயில் புளிப்பாக ஏதோ ஏறி வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இத இப்பவே டாக்டரம்மாகிட்ட காட்டணும். கை போயிரும்."

"அப்புறம் காட்டலாம்" என்றான் லாரிக்காரன். "முதல்ல எனக்குப் பதில் சொல்லு. அது என்ன ஊசி? நான் ரோட்டுல கெடக்கேன். வீட்டுல ஆம்பிள இல்ல. இவளுக்குப் புள்ள நிக்காம இருக்க ஊசி எதுக்கு? எவனுக்காக?"

சுவரோரம் கடைசிப் பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. பெரியவள் அதன் வாயைப் பொத்தினாள். உண்மையைச் சொன்னால் இவன் இவளை அடித்தே கொல்லுவான், தன்மேலும் கைவைப்பான், தெருவே கூடும், நாளைக்கு மேடம் கேட்பாள், வேலை போகும். எல்லாம் பையக்காவின் தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடியது. எது முதலில் ஓடியது என்று அவளுக்குத்தான் தெரியும்.

"ஐயோ அண்ணே, அது சத்து ஊசி" என்றாள். சொல்லும்போதே சிரிக்கவும் செய்தாள். "இவளுக்கு ரத்தமே இல்ல. சத்து ஊசி போட்டாலும் தேய்க்கக் கூடாது."

"புள்ள நின்னுரும்னு சொன்னியாமே?"

"ரத்தம் இல்லாதப்ப புள்ள நின்னா ஆபத்துன்னு சொன்னேன். சொல்ல வேண்டியது எங்க கடமைதானே? அம்மா வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க."

தராசம்மா முகத்தைச் சுளித்தாள். "நான் கேட்டது அப்படி இல்லையே" என்று முணுமுணுத்தாள். லாரிக்காரன் நம்பினானோ, நம்பினால் நல்லது என்று முடிவு பண்ணினானோ, தோள் தளர்ந்தது. ஏப்பம் விட்டான்.

"அதானே பாத்தேன். அப்ப ஒண்ணும் இல்ல" என்று தட்டிலேயே கையைக் கழுவினான். எச்சில் தண்ணீர் மீன்முள்ளோடு தட்டில் சுற்றியது. "சும்மா கெடந்த கைய அம்மா நோண்டிப் புண்ணாக்கிட்டாங்க. சரி, ஆறிரும். எனக்கு நாலு நாள்தான் லீவு. அம்மா, சாயங்காலம் புள்ளைங்களக் கூட்டிட்டுத் தையல்காரி வீட்டுல போய்ப் படுத்துக்கங்க."

பிள்ளைகள் முன்னாலேயே சொன்னான். தராசம்மாவும் சரி என்று தலையாட்டினாள். அந்தக் கையைப் பார்த்த கண்ணாலேயே தலையாட்டினாள். பையக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இவர்களையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? மனுஷ ஜன்மம் என்று சொல்வதற்கே நாக்கூசுகிறது. அதைவிடக் கூசியது, தன் வாயிலிருந்து வந்த "சத்து ஊசி." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சத்து ஊசி இல்ல."

மருமகள்தான் பேசினாள். உரிக்கிற கை நிற்கவில்லை. ஒரு தலையைத் திருகிப் போட்டாள்.

"என்ன?" என்றான் லாரிக்காரன்.

"சத்து ஊசி இல்லன்னேன். புள்ள நிக்காம இருக்கத்தான் போட்டேன். ஒரு தடவ இல்ல, சின்னவ பொறந்ததுலேருந்து போட்டுட்டு இருக்கேன். அந்த அக்காவ நான்தான் கூப்பிட்டேன்."

"ஏய், சும்மா இரு" என்று தராசம்மா பதறினாள். "அதான் அவன் விட்டுட்டான்ல? வாய மூடு!"

லாரிக்காரன் எழுந்துவிட்டான். தட்டு காலில் பட்டுக் கவிழ்ந்தது. "எவனுக்காகடி? சொல்லு, எவனுக்காக?"

"உனக்காகத்தான்." அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "வேற எவன் வர்றான் இந்த நாத்தத்துக்கு? நீதான் வர்ற. எப்ப கதவு தட்டுவியோன்னு பயந்து பயந்து சாகறேன். வருஷம் பூரா உனக்குப் பயந்துதான் அந்த ஊசியப் போட்டுக்கிட்டேன்."

ஓங்கிக்கொண்டுதான் போனான். அடிப்பதற்கு முன்னால் அவளை இழுத்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கும். எட்டிப் பிடித்தான். பிடித்தது இடது கையை, அந்த இடத்திலேயே. அவள் அலறினாள். விரல்களுக்கு நடுவில் கொழகொழவென்று பிதுங்கியது. அவன் நெருப்பைத் தொட்டவனைப் போலக் கையை உதறினான், உள்ளங்கையைப் பார்த்தான், பார்த்ததும் முகம் கோணலாகிவிட்டது. "சீ! சீ, கருமம்!" என்று தன் துணியில் துடைத்தான். போகவில்லை. பக்கெட்டில் முக்கினான், மறுபடி துடைத்தான், மோந்து பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி ஓங்கரித்தான்.

"இப்பத்தான் சீன்னு வருதா?" என்றாள் மருமகள். வலியில் கண் சொருகிக்கொண்டு போனது, ஆனாலும் சொன்னாள். "எனக்கு எவ்வளவு நாளா வருது தெரியுமா? நீ மேல கைவெக்கிறப்பல்லாம் வருது. வாந்திய முழுங்கிட்டுத்தான் படுத்திருந்தேன். இனிமே முழுங்க முடியாது. அக்கா, எனக்கு ஆபரேஷனே பண்ணி விட்டுருங்க. இன்னைக்கே வர்றேன்."

தெரு வாசலில் கூடிவிட்டது. தையல்காரி நூல்கண்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள், கடிகாரக்காரன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மறந்துபோய் நின்றான். லாரிக்காரன் சாக்கடையோரம் குனிந்திருந்தான். அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து திரும்பி வந்து அடிக்க அவனுக்கு முகம் இல்லை. "போனா அப்படியே போயிரச் சொல்லு! இந்த வீட்டுக்குள்ள திரும்பி வரக் கூடாது!" என்று குனிந்தவாக்கிலேயே கத்தினான்.

"அத நான் சொல்றேன், நீ சும்மா இரு" என்றாள் தராசம்மா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மருமகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புண்ணை இல்லை, அதற்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த விரல்களை. வீங்கி மடங்காமல் நின்ற விரல்கள். பிறகு உரிக்காமல் கிடந்த பக்கெட்டுகளைப் பார்த்தாள். இடது கையில் பிடிக்க முடியாமல் ஒரு வாரமாகத் தேங்கிப்போன வேலை. வேன்காரன் நேற்றே முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தான், வேறு தெருவில் ஆள் பார்க்கப் போவதாக.

"ஏம்மா, பையக்கா" என்றாள். "அந்தக் கை திரும்ப வேலை செய்யுமா?"

"உடனே வைத்தியம் பாத்தா செய்யும்."

"திரும்பவும் புள்ள உண்டாச்சுன்னா குந்தி உக்கார முடியாது, இல்ல?"

"உசுரே இருக்காதும்மா. டாக்டரம்மா சொன்னாங்கள்ல?"

"உசுர விடு. அது அவங்கவங்க விதி. இவள மாதிரி உரிக்க இந்தத் தெருவுல யாரு இருக்கா?" தராசம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போ. ஆபரேஷனோ எழவோ, பண்ணிக் கூட்டிட்டு வா. ஆனா கை நல்லாகி வரணும், சொல்லிட்டேன்." மகன் நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தான். "நீ லாரிய எடுத்துட்டுக் கெளம்பு" என்றாள் அவனிடம். "உன் நாலு நாள் லீவுக்கு என் பக்கெட்ட அழுகவிட முடியாது."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான். தாயிடம் அவனுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பையக்காவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டதே! ஒரு உயிர் தப்பியது. ஆனால் அது தப்பிய வழியை நினைத்தால், குளித்தாலும் போகாத அழுக்கு ஒன்று உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உரிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால்? மெதுவான கையாக இருந்திருந்தால்?

மருமகள் எழுந்தாள். வலது கையை மட்டும் கழுவிக்கொண்டாள். பெரியவளைக் கூப்பிட்டு, "தங்கச்சிங்களப் பாத்துக்க, நான் வந்துருவேன்" என்றாள். கடைசியைக் குனிந்து முத்தமிடப் போனாள், அது வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் அதன் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

கூட்டம் வழிவிட்டது. பாதிப்பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், பரிதாபப்பட்டவர்களும்தான். பையக்கா அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அவள் கொடுக்கவில்லை. சேற்றுப் பாளங்களை மிதித்துக்கொண்டு இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள்.

"அக்கா."

"சொல்லு கண்ணு. ரொம்ப வலிக்குதா?"

"நீங்க சொன்னத அவரு நம்பிட்டாரு, பாத்தீங்களா?"

"உன்னக் காப்பாத்தத்தான் கண்ணு சொன்னேன்" என்றாள் பையக்கா.

"பையத் தோள்ல மாட்டிட்டீங்க. நான் வாயத் திறக்கலேன்னா போயிருப்பீங்க. சாயங்காலத்துக்கு என்ன விட்டுட்டுப் போயிருப்பீங்க, இல்ல?"

வெயில் சுள்ளென்று அடித்தது. இல்லை என்று சொல்லப் பையக்கா வாயைத் திறந்தாள்.

"போயிருப்பீங்க" என்று மருமகளே சொல்லிக்கொண்டாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "சரி, வேகமா நடங்க. கை வலிக்குது."